புகார் இல்லாத லயம்

எங்கள் அலுவலகம் ஜொகூர் பாருவில் ஒரு கடைவீட்டின் இரண்டாவது மாடியில் இருந்தது. கீழே மாமாக் கடை, தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை. ரொட்டி சானாய் வாடை காலையிலேயே படியேறி வந்துவிடும். எங்களைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் அதைப் பற்றித்தான் பேசுவார்கள். சட்டமன்றத்தில் என்ன கேட்க வேண்டும் என்று உறுப்பினர்களுக்கு எழுதிக் கொடுப்பது எங்கள் தொண்டு அமைப்பின் வேலை. நாங்களே அங்கே எழுந்து பேச முடியாது, எங்களுக்கு யாரும் ஓட்டுப் போடவில்லை. ஆகவே பேசக்கூடியவர்களைப் பிடித்து, கையில் கேள்வியைக் கொடுத்துவிட்டு, பார்வையாளர் மாடத்தில் போய் உட்கார்ந்துகொள்வோம். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற என் அப்பா, யாராவது விசாரித்தால், "யாருக்கோ எழுதிக் குடுக்குறா" என்று மட்டும் சொல்வார். யோசித்துப் பார்த்தால் அது சரியான விளக்கம்தான்.

படிப்பின் கடைசி ஆண்டில் பயிற்சிக்காக அங்கே சேர்ந்தவர்கள் இரண்டு பேர். நான் ஒருத்தி. இன்னொருவன் சிகாமட்காரன், பொது நிர்வாகம் படித்துக்கொண்டிருந்தான், வாய் ஓயாது. எங்களுக்கு மேலே இயக்குநர் மட்டும்தான். வக்கீல் தொழிலை விட்டுவிட்டு வந்தவர். அவரை மேடம் என்று கூப்பிடுவோம். வேறு ஆட்கள் கிடையாது. நன்கொடையாளர்களுக்குப் போகும் அறிக்கையில் "எங்கள் குழு" என்று எழுதும்போது மட்டும் நாங்கள் ஒரு கூட்டமாகத் தெரிவோம்.

வேலை என்று பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் பத்திரிகை பார்த்து, மாநில விவகாரம் எதுவோ அதை வெட்டி வைக்க வேண்டும். பிறகு சட்டமன்றத்தின் பழைய கூட்டக் குறிப்புகளை மலாயில் படித்து, யார் எதைக் கேட்டார், என்ன பதில் வந்தது என்று குறிக்க வேண்டும். படிக்கப் படிக்கக் கொட்டாவி வரும். மனிதர்களால் இத்தனை மரியாதையாகச் சண்டை போட முடியும் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. மதியத்துக்கு மேல் உறுப்பினர்களின் சேவை மையங்களுக்குப் போன் போடுவோம். உறுப்பினரை எல்லாரும் 'ஒய்பி' என்பார்கள். "ஒய்பி மீட்டிங்ல இருக்காரு" என்று பதில் வரும். ஒய்பி எப்போதும் மீட்டிங்கில்தான் இருப்பார்.

மேடத்துக்கு இரண்டு கட்டளைகள் உண்டு. எந்த விஷயமானாலும் ஒரே பக்கத்தில் முடிய வேண்டும். அந்தப் பக்கத்தில் தனி மனிதர் யாரும் வரக்கூடாது. "ஒருத்தரோட கதையைச் சொன்னா பாவம்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. ஊரோட கதையைச் சொன்னாத்தான் பதில் சொல்லியாகணும்," என்பார். எழுதிக் கொண்டுபோனால் சிவப்புப் பேனாவை எடுத்து ஆட்களை ஒவ்வொருவராக நீக்குவார். ஒரு கிழவரின் முழங்கால் "மூத்த குடிமக்களின் நடமாட்டச் சிக்கல்" ஆகிவிடும். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனாலும் அந்தப் பேனாவைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

நாங்கள் சேர்ந்தபோது கையில் இருந்த விஷயம் கூலாய் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தின் லயம், தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். தோட்டம் கைமாறி, புது நிர்வாகம் வெளிநாட்டு ஆட்களை வைத்துக்கொண்டது. பழைய குடும்பங்கள் லயத்திலேயே தங்கிவிட்டன. பாதிப் பேர் செனாய் தொழிற்சாலைகளுக்குப் பஸ்ஸில் போய் வந்தார்கள். தோட்டத்துப் பம்ப் கெட்டுப்போனதும் குழாயில் தண்ணீர் நின்றது. நிர்வாகம் அதைச் சரிசெய்யவில்லை, நினைத்தால் ஒரு லாரியில் தண்ணீர் அனுப்பும். பொதுக் குழாய் பெரிய சாலை வரைக்கும் வந்திருந்தது. சாலையிலிருந்து லயம் கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான், ஆனால் நடுவில் இருப்பது தனியார் நிலம். இதைச் சட்டமன்றத்தில் கேட்க வேண்டும் என்று மேடம் முடிவு செய்தார்.

முதல் தடவை போனபோது எங்களை உள்ளே கூப்பிட்டவர் லயத்தின் கடைசி வீட்டு அக்கா. நாற்பத்தைந்து வயது இருக்கலாம். தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்தவர், சீருடையைக்கூட மாற்றாமல் எங்களுக்குக் கோப்பி கலக்கினார். அவர் வீட்டுக் கோப்பியைக் குடிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அத்தனை தண்ணீரையும் அவர் எங்கிருந்தோ தூக்கி வந்திருப்பார். சிகாமட்காரன் கூச்சப்படாமல் இரண்டாவது கோப்பையும் வாங்கிக்கொண்டான்.

சமையலறையில் ஒரு பெரிய அலுமினிய அண்டா கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது, கடையில் ஒட்டிய தாள்கூட உரிக்கப்படவில்லை. நான் அதைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

"மகளுக்கு வாங்குனதும்மா. தலைப்பிரசவம். நொச்சி, வேப்பிலை எல்லாம் போட்டுக் கொதிக்க வச்சு ஊத்தணும்ல, சின்னப் பானை பத்தாது," என்றார்.

மகளை மெர்சிங்கில் கட்டிக் கொடுத்திருந்தார். முதல் பிள்ளைக்கு வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டும், அது முறை. அக்கா வளையலும் சாதமும் எடுத்துக்கொண்டு மெர்சிங் போனார், மகளைக் கூட்டி வருவதற்கு அண்ணன் மகனின் காரையும் பேசி வைத்திருந்தார். ஆனால் சம்பந்தியம்மா அனுப்பவில்லை.

"தண்ணி வரட்டும், நானே கொண்டாந்து விடுறேன்னாங்க. பச்சப் புள்ளைய வச்சுக்கிட்டு லாரித் தண்ணிய நம்பி இருக்க முடியுமான்னு கேக்குறாங்க. தப்பு சொல்ல முடியுமா, சொல்லுங்க? கூட்டிட்டு வரப் போனவ, தனியா திரும்பி வந்தேன்."

நான் தப்பு சொல்லவில்லை. அந்த அம்மாவின் இடத்தில் நான் இருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டேன். ஆனால் அக்கா அண்டாவை நகர்த்தி வைத்த விதத்தைப் பார்த்தபோது, கேள்வி, பதில், ஒரு பக்கம் என்பதெல்லாம் போய், இந்த வீட்டுக்கு அந்தப் பெண் வந்துசேர வேண்டும் என்பது மட்டும்தான் எனக்கு முக்கியமாகப்பட்டது. சட்டமன்றம் கூடும் வாரத்துக்குப் பிறகு அவள் பிரசவத்துக்குச் சில வாரங்களே மிச்சமிருந்தன.

புறப்படும்போது வீட்டு வீடாக எங்கள் ஸ்டிக்கரை ஒட்டினோம். மஞ்சள் நிறம், "தண்ணீர்ப் பிரச்சினையா? எங்களை அழையுங்கள்" என்று எழுதி, கீழே அலுவலக எண். லயத்துக் கதவுகள் வரிவரியாகப் பலகை அடித்தவை, ஸ்டிக்கர் லேசில் ஒட்டாது. ஒவ்வொரு கதவிலும் ஒரு நீல ஸ்டிக்கர் மட்டும் வழவழப்பாக இருந்தது. முன்பு ஒரு வறட்சியில் தண்ணீர் நிறுவனத்து ஆட்கள் ஒட்டிவிட்டுப் போன புகார் எண் அது. அதன்மேல் எங்களுடையது அழகாகப் பிடித்துக்கொண்டது. சிகாமட்காரன் உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து ஒட்டினான். மேடம் வாசல் வாசலாக நின்று, "நீங்க எங்கயும் அலைய வேணாம். எதுன்னாலும் எங்ககிட்ட சொல்லுங்க, நாங்க பாத்துக்கிறோம்," என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் அதை மனதாரச் சொன்னார். மக்களும் மனதார நம்பினார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் போன் ஓயவில்லை. லாரி வரவில்லை, வந்த தண்ணீரில் துரு, தொட்டியில் புழு என்று குரல் செய்திகள் வந்து குவிந்தன. அக்கா ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது தவறாமல் அனுப்புவார், பின்னால் எஞ்சின் சத்தம் கேட்கும். கேட்டு, எழுதி, மலாய்க்கு மாற்றி, வகை பிரித்து வைப்பது எங்கள் வேலையாயிற்று. சிகாமட்காரன் ஒவ்வொரு செய்திக்கும், "பதிவு பண்ணிட்டோம்கா, கவலப்படாதீங்க லா," என்று பதில் போடுவான். இத்தனை ஆதாரத்தை எந்த அமைப்பும் திரட்டியதில்லை என்றார் மேடம். எனக்கும் பெருமையாக இருந்தது.

கேள்வி கேட்க ஒரு ஒய்பி கிடைத்தார். நல்ல மனிதர், ஆனால் கொடுத்ததைக் கொடுத்தபடி வாசிப்பவர். லயத்துக்கு ஏன் இன்னும் பொதுக் குழாய் வரவில்லை என்று அவருக்கு முதன்மைக் கேள்வி ஒன்று எழுதினோம். பதில் வந்ததும் எழுந்து கேட்பதற்குத் துணைக் கேள்வி ஒன்று. பதில் எப்படி வரும் என்று மூன்று பேரும் மாமாக் கடையில் உட்கார்ந்து யூகித்தோம். தனியார் நிலம் என்று தட்டிக் கழிப்பார்கள், அல்லது ஆராய்ந்து வருகிறோம் என்பார்கள். இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி, "பதிவான புகார்களில் எத்தனை இதுவரை தீர்க்கப்பட்டன?" என்று துணைக் கேள்வியை அமைத்தோம். கூர்மையாக இருக்கிறது என்று மேடம் அதில் கை வைக்கவில்லை. அன்று சிவப்புப் பேனா பையிலிருந்தே வெளியே வரவில்லை.

டேவான் என்று எல்லாரும் சொல்லும் சட்டமன்றத்தில் பார்வையாளர்கள் போனை வெளியே பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மாடத்தில் குளிர் எலும்பைத் தொட்டது. எங்கள் கேள்வி வந்தது, ஒய்பி தடுமாறாமல் வாசித்தார். தண்ணீருக்குப் பொறுப்பான ஆட்சிக்குழு உறுப்பினர், மாநில அமைச்சர் மாதிரி, எழுந்து, கையிலிருந்த தாளைப் பார்த்து மலாயில் நிதானமாகப் பதில் சொன்னார். அந்தக் குடியிருப்பிலிருந்து தண்ணீர் தொடர்பாக ஒரு புகாரும் பதிவாகவில்லை. புகார் வந்தால் ஆள் அனுப்பிப் பார்க்கத் தயார். தனியார் நிலம் என்றாலும் உரிமையாளரிடம் பேசி இணைப்புக் கொடுக்க வழி இருக்கிறது.

நான் பக்கத்தில் இருந்த மேடத்தைப் பார்த்தேன். அவர் கீழே ஒய்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஒய்பி எங்கள் பக்கம் நிமிரவே இல்லை. எழுந்து, துணைக் கேள்வித் தாளைக் கண்ணாடிக்கு நேராகப் பிடித்து, பதிவான புகார்களில் எத்தனை தீர்க்கப்பட்டன என்று கணீரென்று கேட்டார்.

"பதிவாகவில்லை என்றுதானே இப்போது சொன்னேன்," என்றார் ஆட்சிக்குழு உறுப்பினர்.

சபை சிரித்தது. இரண்டு பக்கமும் சிரித்தது. கூட்டக் குறிப்புகளில் அடைப்புக்குறிக்குள் 'சிரிப்பு' என்று போடுவார்களே, அதை நிறையப் படித்திருக்கிறேன். கேட்பதற்கு அது வேறு மாதிரி இருந்தது. சிகாமட்காரன் என் காதருகே, "அலமாக், தொலஞ்சோம்," என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த நீல ஸ்டிக்கர்," என்றான். லயத்து மக்கள் சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் எங்களிடம் சொன்னார்கள். சொல்லச் சொன்னதே நாங்கள்தான். புகார்கள் அத்தனையும் வகை பிரித்து, மொழிபெயர்த்து, எங்கள் அலமாரியில் பத்திரமாக இருந்தன.

வெளியே வந்து போனை எடுத்தபோது அக்காவின் குரல் செய்தி காத்திருந்தது. மூன்று பேரும் கார் நிறுத்துமிடத்தில் நின்று கேட்டோம்.

"மா, டேவான்ல நம்ம லயத்துல ஒரு புகாருகூட இல்லன்னு சொல்லிட்டாங்களாம். சம்பந்தியம்மா போன்ல நேரலை பாத்துருக்காங்க. 'உங்கம்மாவுக்கு உன்னைக் கூட்டிட்டுப் போற எண்ணமே இல்ல போல, அதான் ஒரு வார்த்த சொல்லி வைக்கல'ன்னு மககிட்ட சொல்லிட்டாங்க. புள்ள அழுவுது. நான் உங்ககிட்ட எத்தனை தடவை சொன்னேன்? அதெல்லாம் எங்கம்மா போச்சு?"

அதில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்று மாலையே கூலாய்க்குப் போனோம். அக்கா வாசலில் நின்றிருந்தார், உள்ளே கூப்பிடவில்லை. நடந்தது என்ன என்று மேடம் ஒளிக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டார். வக்கீலாக இருந்தவர் இத்தனை சுருக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை. அக்கா முழுவதையும் கேட்டார்.

"சரி, நம்பர் எங்க?" என்றார்.

நம்பர் மஞ்சளுக்கு அடியில் இருந்தது. சிகாமட்காரன் நகத்தால் உரித்துப் பார்த்தான். அவன் தேய்த்து ஒட்டியது அவனுக்கே எதிரியாயிற்று; நீலமும் சேர்ந்து கிழிந்து, எண்ணின் பாதி அவன் கையோடு வந்தது. அடுத்த கதவிலும் அப்படியே. யாரோ தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார்கள். எண்ணெய் தடவிக் காத்திருந்து உரித்தபோது, நாலைந்து வீடு தள்ளி ஒரு கதவில் எண் முழுசாகக் கிடைத்தது. இணையத்தில் தேடினால் நொடியில் கிடைத்திருக்கும். எங்கள் மூவரில் ஒருவருக்கும் அது அப்போது தோன்றவில்லை.

மேடம் போனை எடுத்தார்.

"நீங்க பேச வேணாம், மேடம். நானே பேசுறேன்," என்றார் அக்கா.

ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, தொழிற்சாலையில் பழகிய மலாயில் பேசினார். மறுமுனையில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டு, புகார் எண் ஒன்றைச் சொன்னாள். வேறு யாருக்காவது பிரச்சினை உண்டா என்றும் கேட்டாள். லயமே திரண்டு வாசலில் நின்றது. போன் கைமாறிக் கைமாறிப் போயிற்று. நாங்கள் மூன்று பேரும் கார் பக்கத்தில் நின்றோம், எங்களுக்கு அங்கே வேலை எதுவும் இல்லை.

தண்ணீர் நிறுவனத்து ஆட்கள் வந்தார்கள், அளந்தார்கள், தோட்ட நிர்வாகத்திடம் பேசினார்கள். சாலையிலிருந்து லயம் வரைக்கும் மண்ணைத் தோண்டிக் குழாய் புதைத்தார்கள். வேலை ஒழுங்காகவே நடந்தது. ஆனால் தாமதமாகத்தான் தொடங்கியது. பாதிக் குழாய் புதைத்திருந்தபோது மெர்சிங்கில் குழந்தை பிறந்துவிட்டது, ஆண் பிள்ளை. அக்காவுக்குத் தொழிற்சாலையில் சில நாள்தான் லீவு கிடைத்தது. சம்பந்தி வீட்டில் போய் இருந்துவிட்டு வந்தார். மகளைக் குளிப்பாட்டியது சம்பந்தியம்மா. நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க, என்று அக்கா சொன்னார்.

என் பயிற்சியின் கடைசி வாரத்தில் மேடம் என்னைக் கூலாய்க்கு அனுப்பினார். ஆண்டறிக்கைக்கு ஒரு படம் வேண்டும், புதுக் குழாய், தண்ணீர் கொட்ட வேண்டும், முடிந்தால் யாராவது ஒருவர் சிரிக்க வேண்டும். நான் தனியாகப் போனேன். அக்கா இந்தத் தடவை உள்ளே கூப்பிட்டார். வீட்டுக்குப் பின்னால் சிமென்ட் தரையில் குழாய் புதிதாக மின்னியது. அதன் அடியில் அந்த அண்டா. தாள் உரித்திருந்தது. உள்ளே அவருடைய தொழிற்சாலைச் சீருடை சோப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது.

"குழாய் நல்லா வருதாக்கா?"

"நல்லா வருது. ராத்திரியெல்லாம் வருது."

"மகள் எப்ப வராங்க? இப்பத்தான் தண்ணி இருக்கே, வரலாம்ல?"

"வருவா, தீபாவளிப் பெருநாளுக்கு வருவா. வந்துட்டுப் போவா." அவர் குழாயைத் திறந்து கையைக் கழுவினார். "தலைப்பிரசவம் ஒரு தடவதானம்மா."

அழுகை வந்தது, அழவில்லை. அவர் அழாதபோது நான் அழுவது அசிங்கம் என்று பட்டது. போனை எடுத்து, படம் சரியாக விழ வேண்டும் என்பதற்காக, அண்டாவைக் கொஞ்சம் நகர்த்தலாமா என்று கேட்டேன்.

"அது அங்கயே இருக்கட்டும். அது இல்லாம எடுக்காதீங்க," என்றார்.

அப்படியே எடுத்தேன். குழாய், கொட்டும் தண்ணீர், அண்டா, அண்டாவின் விளிம்பில் அவர் கை. அவர் சிரிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இந்தப் படத்தை வெட்டாமல் போட வேண்டும் என்று மேடத்துக்கு எழுதி அனுப்பினேன். பார்க்கலாம் என்று பதில் போட்டார்.

ஆண்டறிக்கை நான் கல்லூரிக்குத் திரும்பிய பிறகு தபாலில் வந்தது. கூலாய் லயத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். "எங்கள் தொடர் முயற்சியால்" என்று அது தொடங்கியது. படத்தில் குழாய் மட்டும் இருந்தது.